நிறுவனர் பக்கத்திலிருந்து ஒரு வழி

வெங்கடம்மாள் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாளே தங்கள் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.ஈ. பட்டம் வரைக்கும் எல்லாம் ஒரு நீலக் கோப்புறைக்குள் போகும். கொடுப்பவர் இரண்டு கையாலும் கொடுப்பார். வாங்குபவர் ஒரு கையால் வாங்குவார். ஆசிரியர்கள் பாதி வருடத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விடாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு இன்னும் சில கல்லூரிகளிலும் உண்டு. அங்கெல்லாம் அதைப் பிணை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். வெங்கடம்மாள் கல்லூரியில் அதன் பெயர் அறிவுப் பாதுகாப்பு.

கணினித் துறையில் ஆறு வருடம் உதவிப் பேராசிரியராக இருந்த நஸ்ரியா, ஒரு திங்கட்கிழமை காலையில், பாதுகாக்கப்பட்ட தன் அறிவைத் திரும்பக் கேட்கப் போனாள். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு விடுவிப்புக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். பொள்ளாச்சி ரோட்டில் இன்னொரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அந்தக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். செமஸ்டர் தொடங்கிவிட்டது. இதையும் விட்டால் வருடம் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சான்றிதழ்ப் பாதுகாப்பகம் மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி குளிர். சுவரோரமாக இரும்பு பீரோக்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை, எண்கள் மட்டும்தான். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் பிரிட்ஜ் அளவுக்குப் பருத்த ஒரு பழைய கணினி, அதற்கு ஒரு மல்லிகைச் சரம். பக்கத்தில் காப்பாளர் கௌதமன்.

"ஏனுங்க, என்ர சர்டிபிகேட் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"பத்திரமா இருக்குதுங்க அம்மணி."

"எந்த பீரோவுலங்க?"

"அது சிஸ்டத்துல இருக்குதுங்க."

"பார்த்துச் சொல்லுங்க."

"நான் பார்க்கக் கூடாதுங்க. அவங்கவங்களேதான் உலாவிக் கண்டுபுடிச்சுக்கோணும்."

அந்தக் கணினியில் ஓடியது ஒரே ஒரு மென்பொருள். 1991ஆம் வருடம், பஞ்சாலை முதலாளியாக இருந்த ராமுலு, அமெரிக்காவில் இருந்த மகனைப் பார்க்கப் போய்விட்டு, இரண்டு பிளாப்பி தட்டுகளில் அதைக் கொண்டுவந்தார். கறுப்புத் திரையில் சாம்பல் நிற எழுத்துகள். நடுநடுவே சில சொற்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். பச்சைச் சொல்லின்மேல் நின்று என்டர் தட்டினால் அந்தச் சொல்லைப் பற்றிய வேறொரு கோப்பு திறக்கும். அதிலும் பச்சைச் சொற்கள் இருக்கும். இன்றைக்கு எல்லோருடைய கைபேசியிலும் நடப்பதுதான். அன்றைக்கு அதைப் பார்த்த ராமுலு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் தன் தாயார் பெயரில் ஒரு கல்லூரி தொடங்கப் போவதாக அறிவித்தார். கோப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. வாசகர் வசதிக்காக இங்கே தமிழில் சொல்லப்படுகிறது.

கல்லூரியின் கொள்கைகள் அந்த மென்பொருளிலிருந்தே பிறந்தன. அகர வரிசை தடைசெய்யப்பட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்று என்று நிற்பது அடிமைத்தனம் என்று ராமுலு எழுதிவைத்த வாசகம் வரவேற்பறையில் தொங்குகிறது. அதன் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு சிறிய பிளாஸ்டிக் விசை குங்குமப் பொட்டோடு இருக்கிறது. அது அந்தக் கணினியின் பேக்ஸ்பேஸ் விசை. மென்பொருளில் வந்த வழியே திரும்பிப் போக உதவியது அது ஒன்றுதான். "இந்த நிலையம் திரும்பிப் பார்ப்பதில்லை" என்று சொல்லி ராமுலு தன் கையாலேயே அதைப் பிடுங்கி எடுத்தார். வளாகத்திலும் அதே விதிதான். கிழக்கு வாயில் வழியாக உள்ளே வரலாம், மேற்கு வாயில் வழியாக வெளியே போகலாம். மேற்கு வாயிலைத் தாண்டியவர் குடையை மறந்துவிட்டதாகச் சொன்னாலும் வளாகத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்துதான் ஆக வேண்டும்.

நஸ்ரியா கணினி படித்தவள். "கௌதமன் சார், இதெல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானுங்களே. என்ர பேர்ல இருக்கறதை நேரா திறந்துட்டா முடிஞ்சுதுங்க."

கௌதமன் அவளைக் கொஞ்ச நேரம் வருத்தத்தோடு பார்த்தார். "அம்மணி, ஒரு ஊட்டுக்குப் போறோம். வாசல்ல நின்னு, வாங்கன்னு கூப்புட்டதுக்கப்புறம் உள்ள போறமா, இல்ல ஓட்டைப் பிரிச்சு எறங்கறமா?"

"ஊடே என்ர ஊடுங்களே."

"அதெல்லாம் உள்ள போனதுக்கப்புறம் பேசிக்கலாமுங்க. அப்புடி உக்காருங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம். உங்களுக்கு முன்னால ஆளிருக்காங்க."

பெஞ்சில் தேஜா உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கல் துறையில் இருந்தவர். போன கோடையில் ராஜினாமா செய்தவர் இன்னும் வந்துகொண்டிருந்தார். டிபன் பாக்ஸும் கொண்டுவந்திருந்தார்.

"நேத்து அந்தியூர் குதிரைச் சந்தை வரைக்கும் போயிட்டேனுங்க," என்றார் தேஜா. "அங்கிருந்து லாடம். லாடத்துல இருந்து இரும்பு. இரும்புல இருந்து நம்ம மெக்கானிக்கல் லேபுக்கே வந்துபோட்டேன். ஆகா, கிட்ட வந்துட்டோம்னு நெனைச்சா, ‘லேபைத் திறந்து வைத்தவர்'னு ஒரு பச்சை. தட்டிப்போட்டேன்."

"தட்டினா?"

"ஐயா," என்றார் தேஜா, பாம்பு கடித்த இடத்தைக் காட்டுகிறவர் போல.

எந்தப் பாதையும் கடைசியில் நிறுவனர் ராமுலுவிடம், அதாவது ஐயாவிடம், போய் முடிவதற்குக் காரணம் பாடத்திட்டம். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் செய்முறைத் தேர்வில் பத்துப் புதிய இணைப்புகள் போட வேண்டும். முன்னே இருந்தவர்கள் போட்டதை அழிக்கக் கூடாது. எந்தச் சொல்லை எதோடு இணைப்பது என்பது அவரவர் கற்பனை. நிறுவனர் பக்கத்தோடு இணைத்தால் மட்டும் கூடுதல் மதிப்பெண். முப்பது வருடமாகப் பிள்ளைகள் தங்கள் எதிர்காலத்தை மனதில் வைத்துக் கற்பனை செய்துவந்தார்கள். ஆறு வருடம் அந்த மதிப்பெண்ணைப் போட்டவர்களில் நஸ்ரியாவும் ஒருத்தி. அப்போது அது அவளுக்குப் பாடத்திட்டமாக மட்டுமே தெரிந்தது.

அவளுடைய முறை வந்தது. முகப்பில் ‘ஆசிரியர்கள்' பச்சையாக இருந்தது. தட்டினாள். ஓய்வறை வந்தது. ஓய்வறையிலிருந்து தேநீர். தேநீரிலிருந்து அது விளையும் ஆனைமலைக் குன்றுகள். ஆனைமலையிலிருந்து மாசாணியம்மன் கோயில். அங்கே அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்துப் பூசுவதைப் பற்றி யாரோ ஒரு மாணவி நன்றாகவே எழுதியிருந்தாள். மிளகாயைத் தட்டலாமா, நீதியைத் தட்டலாமா என்று நஸ்ரியா யோசித்தாள். நீதியைத் தட்டினாள்.

திரையில் ராமுலு வந்தார். பிறப்பு, கல்வி, உழைப்பு, நேர்மை, கருணை என்று பக்கம் நிறைய சாம்பல் எழுத்துகள். பச்சைச் சொல் ஒன்றுகூட இல்லை. அம்புக்குறி விசையை அழுத்தினாள். எதுவும் அசையவில்லை.

"அங்கிருந்து எங்கயும் போக முடியாதுங்க," என்றார் கௌதமன். "ஐயா பக்கத்துல ஒரு சொல்லைப் பச்சையாக்கினா, ஐயாவை உட்டுட்டு வேற எங்கயோ போறதுன்னு அர்த்தமாயிரும். ரெண்டாயிரத்து எட்டுல ஒரு பையன் பண்ணிப்போட்டான்."

"என்னாச்சுங்க அவனுக்கு?"

"சிவிலுக்கு மாத்திட்டாங்க."

செவ்வாய்க்கிழமை மிளகாயைத் தட்டிப் பார்த்தாள். மிளகாயிலிருந்து சமையல், சமையலிலிருந்து விடுதி, விடுதியிலிருந்து அடிக்கல். அடிக்கல்லில் ஐயா காத்திருந்தார்.

புதன்கிழமை அவள் இணைப்புத் துறை இயக்குநர் சாய்கிருஷ்ணாவைப் பார்க்கப் போனாள். அறை வாசலில் இருந்த உதவியாளர், யாரைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் பார்க்கவில்லை, நேராக வருகிறேன் என்றாள். நேராக வருகிறவர்களை இயக்குநர் பார்ப்பதில்லை என்றார் உதவியாளர். அவள் கீழே போய் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு மேலே வந்து, கேன்டீனிலிருந்து வருவதாகச் சொன்னாள். உள்ளே விட்டார்கள்.

"வாங்கம்மணி, உக்காருங்க. உங்க சர்டிபிகேட் பத்திரமா இருக்குதுங்க," என்றார் சாய்கிருஷ்ணா.

"அது பத்திரமா இருக்கறதுதானுங்க என்ர பிரச்சினை."

"பாருங்க, போன்ல தேடறவன் என்ன பண்றான்? வேணுங்கறதை எடுத்துட்டுப் போயிடறான். அதுல என்னங்க கல்வி இருக்குது? நம்ம சிஸ்டத்துல வேணுங்கறது மட்டும் கெடைக்காது. மத்ததெல்லாம் கெடைக்கும். அதுக்குப் பேருதாங்க பரந்த அறிவு. நீங்க இந்த மூணு நாள்ல எவ்வளவு கத்துக்கிட்டிருப்பீங்க, சொல்லுங்க."

"மாசாணியம்மனுக்கு மொளகா அரைக்கறதைப் பத்திக் கத்துக்கிட்டேனுங்க."

"பார்த்தீங்களா."

"இதுவரைக்கும் ஒருத்தருமே கண்டுபுடிச்சதில்லீங்களா?"

"ஒருத்தர் கண்டுபுடிச்சார்," என்றார் சாய்கிருஷ்ணா. குரல் கொஞ்சம் இறங்கியது. "நான்தானுங்க அது. கண்டுபுடிச்ச அன்னிக்கே ஐயா கூப்புட்டு, இவ்வளவு தெறமைசாலிய வெளிய உடக் கூடாதுன்னு இயக்குநர் ஆக்கிட்டார். புது வேலைக்குச் சேரோணுமில்லீங்க. அதனால சர்டிபிகேட்டை மறுபடி வாங்கி உள்ள வெச்சுட்டாங்க."

நஸ்ரியா ஜன்னலைப் பார்த்தாள். சரவணம்பட்டிப் பக்கத்து ஐ.டி. கட்டடங்களின் கண்ணாடியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"எல்லாப் பாதையும் ஐயாகிட்டப் போகுதுங்க. அது சரிதான். ஆனா ஐயாகிட்ட இருந்து ஒண்ணுமே ஆருக்கும் போகலைன்னு நாளைப்பின்ன வெளியில இருந்து வர்ற ஆய்வுக் குழு எழுதிவெச்சுட்டாங்கன்னா?"

சாய்கிருஷ்ணா பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். அன்று மாலையே இணைப்புக் குழு அவசரமாகக் கூடியது. கௌதமனையும் நஸ்ரியாவையும்கூடக் கூப்பிட்டிருந்தார்கள். ராமுலுவே வந்தார். எண்பதைத் தாண்டிய, வெள்ளை வேட்டி கட்டிய, யாரையும் அதட்டிப் பேசியறியாத மனிதர். அவருடைய மென்மைக்குப் பயந்து கல்லூரியில் யாரும் இருமுவதுகூட இல்லை.

ஐயா பக்கத்தில் எந்தச் சொல்லைப் பச்சையாக்குவது என்பதே விவாதம். ‘பிறப்பு' முதலில் எடுக்கப்பட்டது. அதை மருத்துவமனையோடு இணைக்க வேண்டிவரும், ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரி ஆகிவிடும் என்று கைவிடப்பட்டது. ‘கல்வி'யை ஐயாவே வேண்டாம் என்றார். அவர் அதைப் பாதியில் நிறுத்தியிருந்தார். ‘உழைப்பு' பஞ்சாலைக்குப் போகும், பஞ்சாலைத் தொழிலாளர்களின் வழக்கு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. ‘நேர்மை'யைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எந்தக் கோப்போடு இணைப்பது என்றுதான் தெரியவில்லை. கௌதமன் முழு வன்தட்டையும் நினைவுபடுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கருணைன்னு ஒரு சொல் இருக்குதுங்க," என்றாள் நஸ்ரியா.

"அது எங்க போகோணும் கண்ணு?" என்று கேட்டார் ராமுலு.

"ஒரு டீச்சருக்கு அவளோட சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுத்த இடத்துக்குங்க ஐயா."

ராமுலு கண்ணை மூடினார். திறந்தபோது அவை ஈரமாக இருந்தன.

"கண்ணு, நான் ஒருத்தர் சொத்தையும் எடுத்ததில்ல. வெச்சிருக்கேன், அவ்வளவுதான். நான் அமெரிக்காவுல பார்த்தேன். அவனவன் சர்டிபிகேட்டை அவனவனே ஊட்டுல வெச்சிருக்கான். திடீர்னு கேட்டா எங்க வெச்சோம்னு அவனுக்கே தெரியறதில்ல. இங்க? எங்க இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆனா பத்திரமா இருக்குது. நீ போறேங்கற. போ கண்ணு, நான் தடுக்கல. ஆனா ஒரு புள்ள ஊட்டை உட்டுப் போனா எனக்கு வருத்தமா இருக்கும். அந்த வருத்தத்துக்கு ஒரு செக்யூரிட்டி வேணுமில்ல?"

குழு கைதட்டியது. கருணை ஏகமனதாக நிறைவேறியது.

வியாழக்கிழமை கௌதமன் இணைப்பைப் போட்டார். அதற்கு அவர் நஸ்ரியாவின் கோப்பைப் பெயர் சொல்லி நேராகத் திறக்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்யும்போது அவர் மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் நிறுவனர் பக்கம் திரையில் வந்தது. சாம்பல் எழுத்துகளுக்கு நடுவே கடைசி வரியில் கருணை மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. நஸ்ரியா என்டர் தட்டினாள். நஸ்ரியா, தந்தை பெயர் அப்துல் குத்தூஸ், பீரோ எண், தட்டு எண்.

பெஞ்சிலிருந்து தேஜா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அவ்வளவு பக்கத்துலயா இருந்துது," என்றார். அந்த பீரோவின்மேல்தான் அவர் தினமும் டிபன் பாக்ஸை வைப்பார்.

கௌதமன் சாவி போட்டுத் திறந்தார். நீலக் கோப்புறை அப்படியே இருந்தது. அவளுடைய பத்தாம் வகுப்புப் புகைப்படத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. அவள் கையை நீட்டியபோது சாய்கிருஷ்ணா பீரோக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அம்மணி, ஒரு சின்ன விஷயமுங்க. இணைப்பு போற இடத்துல பொருள் இருக்கோணும். எடுத்துட்டீங்கன்னா அது உடைஞ்ச இணைப்பு. ஐயாவோட கருணை எங்கயும் போய்ச் சேராம அந்தரத்துல நிக்கும். இனிமே இது உங்க சர்டிபிகேட் மட்டுமில்லீங்க. ஐயாவோட கருணைக்கு இதுதான் ஒரே ஆதாரம்."

"திருப்பிக் குடுக்கறதுதானுங்களே கருணை?"

"குடுக்கறமே. நாளைக்கு ரெண்டு மணிக்கு விழா. மேடையில ஐயா கையால வாங்கிக்கறீங்க, போட்டோ எடுக்கறோம், அந்தப் பக்கம் எறங்கி வந்து என்ர கையில குடுத்தர்றீங்க. கருணை நடந்த மாதிரியும் ஆச்சு, சர்டிபிகேட் பத்திரமா இருந்த மாதிரியும் ஆச்சு. வேணுங்கறப்ப நீங்க வந்து உலாவிப் பார்த்துக்கலாம். உங்களுக்கு மட்டும் அரை மணி நேரக் கணக்கு இல்லீங்க."

நஸ்ரியா நன்றி சொன்னாள். வெளியே வந்து தம்பி சஹீரைப் போனில் அழைத்தாள். அவன் உக்கடத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

"நாளைக்கு வண்டிய எடுத்துட்டு வா. காலேஜோட மேற்கு கேட்டு."

"நாளைக்கு ஜும்மா அக்கா."

"தொழுதுட்டு வா போதும். இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணாத."

"என்னக்கா, நகைக்கடையா?"

"என்ர மார்க் ஷீட்டுடா."

வெள்ளிக்கிழமை விழாப் பந்தலில் ஆசிரியர்கள் அனைவரும் இருந்தார்கள். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று சுற்றறிக்கை போயிருந்தது. கோப்புறைக்கு அரக்கு நிறத்தில் வெல்வெட் உறை தைத்து, தங்க நிறத்தில் கல்லூரி முத்திரை பதித்து, ரிப்பனால் கட்டியிருந்தார்கள். ராமுலு அதை ஒரு கையால் கொடுத்தார். நஸ்ரியா இரண்டு கையாலும் வாங்கினாள். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கச் சொன்னார். அவள் இருந்தாள்.

மேடையின் அந்தப் பக்கம் சாய்கிருஷ்ணா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தாள். முதலில் மெதுவாக, பந்தல் முடிந்ததும் வேகமாக, நூலகத்தைத் தாண்டியதும் ஓட்டமாக.

"அம்மணி, ஃபைலு," என்று பின்னால் குரல் கேட்டது. "அம்மணி, ஃபைலைக் குடுத்துட்டுப் போங்க."

மேற்கு வாயிலில் காவலர் சென்னியப்பன் கேட்டைத் திறந்துவிட்டார். வெளியே போகிறவர்களுக்குத் திறப்பதுதான் அவர் வேலை. அவள் தாண்டியதும் அவருடைய போன் அடித்தது. "ஆமாங்க... போயிட்டாங்க... திருப்பிக் கூப்புடறதா? இந்த கேட்டுல உள்ள உடறதுக்கு எனக்கு ஆர்டர் இல்லீங்களே. கெழக்கால சுத்தி வரச் சொல்லட்டுங்களா?"

அதற்குள் சாய்கிருஷ்ணாவே ஓடிவந்துவிட்டார். வந்த வேகத்தில் கேட்டைத் தாண்டி இரண்டடி வெளியே போய் நின்றார். சஹீரின் வண்டி கிளம்பிவிட்டிருந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியபோது கேட் மூடியிருந்தது.

"ஐயா, நீங்க வெளிய வந்துட்டீங்க," என்றார் சென்னியப்பன்.

"நான் இயக்குநருப்பா."

"தெரியுமுங்க. கெழக்கால சுத்தி வாங்க."

கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒரு பேக்கரி முன்னால் சஹீர் வண்டியை நிறுத்தினான். டீ சொன்னார்கள். நஸ்ரியா ரிப்பனைப் பிரித்தாள். வெல்வெட்டுக்குள் நீலக் கோப்புறை இல்லை. தடித்த அட்டை ஒன்று இருந்தது. அதில் நிறுவனர் பக்கம், பளபளப்பான வண்ண அச்சில், கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்துகளோடு. கடைசி வரியில் கருணை பச்சையாக இருந்தது. அதன் கீழே நீல மையில் ராமுலுவின் கையெழுத்து, தேதியோடு.

சஹீர் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இது ஆரு?"

"ஐயா."

"உன்ர சர்டிபிகேட்?"

"பத்திரமா இருக்குது."

டீ வந்தது. அவள் குடிக்காமல் அந்தப் பச்சைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலால் அதை ஒரு முறை அழுத்தினாள். சஹீர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊட்டுக்குப் போலாமாக்கா? அத்தா அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் அட்டையை உள்ளே வைத்து, வெல்வெட்டை மூடி, ரிப்பனை முன்பு இருந்ததைவிட அழகாகக் கட்டினாள்.

"பொள்ளாச்சி ரோட்டுக்கு உடு," என்றாள்.

புதிய கல்லூரியின் அலுவலகத்தில் மிதுன் என்ற கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அவருக்குப் பின்னாலும் பீரோக்கள் இருந்தன, புதியவை, பச்சை பெயின்ட் அடித்தவை. வெல்வெட் உறையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க மேடம். சில பேர் பாலித்தீன் கவர்ல கொண்டாந்து குடுக்கறாங்க. ஒரிஜினல்தானுங்களே?"

"ஒரிஜினல்தாங்க. மையில கையெழுத்துப் போட்டிருக்குதுங்க."

"அது போதுமுங்க."

"திறந்து பார்க்கலீங்களா?"

"எதுக்குங்க? உள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா அதுக்கு நாங்க பொறுப்பாயிருவோம். தெரியாம வெச்சிருந்தா வெறும் பாதுகாப்பு மட்டும்தான். ஜெராக்ஸ் முன்னாலயே குடுத்துட்டீங்கல்ல, படிக்கறதுக்கு அது இருக்குது. ஒரிஜினல் பூட்டறதுக்குத்தானுங்க."

அவர் ரிப்பன் முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். பீரோவைத் திறந்து உள்ளே வைத்தார். பூட்டினார். ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அப்புறம் பணி நியமன ஆணையை அவளிடம் ஒரு கையால் நீட்டினார். அவளும் ஒரு கையால் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து போனை எடுத்தபோது அது கையிலேயே அதிர்ந்தது. சாய்கிருஷ்ணா.

"அம்மணி, தப்பு நடந்துபோச்சுங்க. உங்க ஃபைல் பீரோவுலயேதான் இருக்குது, இணைப்பு உடையக் கூடாதுன்னு எடுக்கலீங்க. போட்டோவுக்கு வெயிட்டா ஏதாச்சும் இருக்கட்டும்னு ஐயா பக்கத்தை வெச்சோம். கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதானுங்க. இப்ப ஐயா அதைக் கேக்கறார். பிரேம் போட்டு வரவேற்பறையில மாட்டோணுமாம். எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கிழக்கு வாயிலுக்கு நீண்ட தூரம். "நான் ஒண்ணு பண்றேனுங்க. உங்க சர்டிபிகேட்டை நானே எடுத்துட்டு நேரா அங்க வாரேன். இணைப்பு உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது. ஐயாவை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

நஸ்ரியா போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். மிதுன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"சார், நான் குடுத்த ஃபைலைக் கொஞ்சம் வாங்கிக்கலாமுங்களா?"

மிதுன் அவளைக் கொஞ்ச நேரம் வருத்தத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையை அவள் முன்பே எங்கோ பார்த்திருந்தாள்.

"உள்ள போனது வெளிய வர்றதில்லீங்க மேடம்."

அவள் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் சாய்கிருஷ்ணா எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப ஐயா?" என்றார்.

"பத்திரமா இருக்காருங்க," என்றாள் நஸ்ரியா.